மணி முத்திரை

மெரிடன், கனெக்டிகட்
மார்ச் 12, 1977

அன்புள்ள வெர்னா,

நலம். உன் நலம் அறிய ஆவல். என் தம்பி லைலின் முதுகுவலியைப் பற்றி மட்டும் கேட்கமாட்டேன். கேட்டால் அதற்கே இரண்டு பக்கம் பதில் வரும். முதுகு வலிக்கிறவன் டிராக்டரை விட்டு இறங்க வேண்டும். இறங்கமாட்டான். அப்புறம் என்ன புலம்பல்?

லைல் கடிதம் எழுதமாட்டான், வந்த கடிதத்தைத் தானாகப் படிக்கவும் மாட்டான் என்பதால் உனக்கு எழுதுகிறேன். நீ வாசித்துக் காட்டுவாய் என்று தெரியும். வாசி. அவன் முகத்துக்கு நேரே சொல்லாத எதையும் நான் எழுதுவதில்லை.

அப்பாவின் ஆம்ஸ்டன் இரட்டைக் குழல் துப்பாக்கி இன்னும் களஞ்சியத்தில் மண்வாரிகளோடு சாய்ந்துதான் கிடக்கிறதா? குழல்களின் மேல்பட்டையில் ‘இம்பீரியல் எஃகு’ என்று அழகாக வெட்டியிருக்கும். அதைப் படித்துத்தான் லைல் ஊரெல்லாம் பெருமை பேசுகிறான். அது விற்பனைக்காரன் வைத்த பெயர், வெர்னா. இம்பீரியல் என்று ஓர் எஃகு எந்த உலையிலும் உருகியதில்லை. அந்தக் காலத்துத் துப்பாக்கிக் கம்பெனிகள் பல, குழலை ஐரோப்பாவிலிருந்து வாங்கி, மேலே தங்கள் இஷ்டத்துக்கு ஒரு பெயரை வெட்டிக்கொண்டன. எஃகு வார்த்தவனின் உண்மையான முத்திரை குழலுக்கு அடியில், மரக்கட்டை மூடியிருக்கும் இடத்தில் ஒளிந்திருக்கும். இன்சூரன்ஸ் ஆபீசை விட்டு வந்த பிறகு நான் செய்வது இந்த முத்திரைகளைப் படிப்பதுதான். எங்கள் பழந்துப்பாக்கிச் சங்கத்தில் மற்றவர்களும் படிப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

நீ செய்ய வேண்டியது இது. அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றி, குழல்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய். முத்திரை தாளில் ஏறும். லைலைத் தேய்க்க விடாதே, கிழித்துவிடுவான்.

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அந்தத் துப்பாக்கியைக் கொடு, பதிலுக்குப் புதிது வாங்கித் தருகிறேன் என்று முன்பு ஒருதரம் கேட்டேன். “அப்பா எனக்குக் குடுத்தது” என்று முறைத்தான். அந்தப் பேச்சை நான் மறந்தே போய்விட்டேன்.

அன்புடன்,
ஆர்வில்


ரெட்ஃபீல்ட், தெற்கு டகோட்டா
ஏப்ரல் 24, 1977

அன்புள்ள ஆர்வில்,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் இரத்தக் கொதிப்பு குறைந்ததா? அண்ணி கான்ஸ்டன்ஸ் காலமான பிறகு வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று லைல் அடிக்கடி கேட்கிறார். கேட்டு எழுது என்று என்னைத்தான் சொல்கிறார்.

பதில் தாமதம். மாடுகள் கன்று போடும் காலம், துப்பாக்கிக்கு யார் நேரம் ஒதுக்குவது? நேற்றுத்தான் சமையலறை மேஜையில் பழைய துணி விரித்து முன்கட்டையைக் கழற்றினோம். செருப்புப் பெட்டிக்குள் வரும் மெல்லிய தாளை வைத்து நான் தேய்த்தேன். இவர் தலைக்குமேல் விளக்கைப் பிடித்துக்கொண்டு, “என்ன வெர்னா, துப்பாக்கிக்குப் பேன் பாக்கறியா?” என்றார்.

தாள் இத்துடன் இருக்கிறது. ஒரு எண் தெரிகிறது. பக்கத்தில் சின்னதாக ஒரு மணி, அதன் நாக்குக்குக் கீழே ஒரு பிறை. அதைப் பார்த்ததும் இவருக்குச் சிறுபிள்ளைச் சந்தோஷம். “அப்பா கூட சொன்னதில்லயே, இத்தன வருசமா அடியில ஒரு மணி இருந்திருக்கு பாரேன்!” என்று எனக்கே மூன்று தரம் காட்டினார்.

துப்பாக்கி களஞ்சியத்தில் இல்லை. எங்கள் படுக்கையறையில் இருக்கிறது. உங்கள் அப்பா வைத்த வழக்கம் இன்னும் நடக்கிறது: அக்டோபரில் ஃபெசன்ட் பறவை வேட்டை தொடங்கும் நாளில் முதல் பறவை அந்தத் துப்பாக்கியில்தான் விழ வேண்டும். அதன் பிறகு துப்பாக்கி இல்லாமல் வந்த விருந்தாளி யாரோ அவர் கையில் அது போகும். போன வருடம் பாதிரியார் சுட்டார். வானத்துக்குக் காயம் ஏதும் இல்லை.

அன்புடன்,
வெர்னா


மெரிடன்
ஏப்ரல் 30, 1977

அன்புள்ள வெர்னா,

நலம். நீ நலமா என்று கேட்கும் முன் ஒன்று: அந்தத் துப்பாக்கியை இனி யாரும் தொடக்கூடாது.

மணியும் பிறையும் பெல்ஜியத்தில் ஒரு கொல்லைப்புறக் கொல்லனின் அடையாளம். குதிரை லாட ஆணிகளையும் ஓட்டை உடைசல் இரும்பையும் பட்டையாக அடித்து, ஒரு கம்பியைச் சுற்றி முறுக்கிக் குழலாக்கினவன். அந்தக் காலத்துக் கரிமருந்துக்கு அது தாங்கும். இன்றைய தோட்டாவுக்குத் தாங்காது. முறுக்கு தெரியாதபடி மேலே கறுப்பு ஏற்றி, ‘இம்பீரியல்’ என்று வெட்டி, அப்பா தலையில் கட்டிவிட்டார்கள். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. ஒருநாள் இடதுகைக்குப் பக்கத்தில் பிளந்துகொள்ளும்.

ஐம்பது வருடம் சுட்டேனே என்று லைல் சொல்வான். மாட்டோடு இருந்து இருந்து மாட்டு மூளை ஆகிவிட்டது அவனுக்கு. இதுவரை பிழைத்தது அதிர்ஷ்டம். அதை அறிவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

என்னிடம் அனுப்பிவிடுங்கள். இங்கே சுடுகிறவர்கள் யாரும் இல்லை. சுவரில் மாட்டிவைக்கிறேன், அப்பாவின் நினைவாகவாவது இருக்கும். குழல்களை ஃபிளானல் துணியில் சுற்றவும். மணி இருக்கும் இடத்தில் எண்ணெயோ உப்புத்தாளோ படக்கூடாது.

அன்புடன்,
ஆர்வில்


மெரிடன்
ஏப்ரல் 30, 1977

திரு. வின்ஸ்லோ கிரேல் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மூட்டுவலி தேவலையா? நினைவாற்றல்தான் தேறவில்லை என்று சங்க இதழைப் படித்ததும் தெரிந்தது.

ஆம்ஸ்டன் கம்பெனி ரோட்டன்பாக் எஃகில் ஒரு துப்பாக்கிகூடச் செய்யவில்லை, அப்படிச் செய்ததாக ஆர்வில் நீகார்ட் சொல்வது கிழவனின் கனவு என்று எழுதியிருந்தீர்கள். நான் சிறுவனாக இருந்தபோது அப்பா துப்பாக்கி துடைக்கையில் ரோட்டன்பாக்கின் மணியும் பிறையும் பார்த்தேன். நேற்று அதே முத்திரை தாளில் என் கைக்கு வந்தது. அந்த ஜெர்மன் உலையில் வார்த்தது, அதைவிட நல்ல எஃகு அந்தக் காலத்தில் யாரும் வார்க்கவில்லை. எனக்குத் தெரிந்து உலகத்தில் இது ஒன்றுதான்.

தற்சமயம் அது டகோட்டாவில், கற்பூர வாசனை தெரியாத ஒருவன் கையில் இருக்கிறது. அதிக நாள் இருக்காது. அடுத்த மார்ச் ஹார்ட்ஃபோர்ட் கண்காட்சியில் என் மேஜைக்கு வாருங்கள். மூக்குக் கண்ணாடியும் கொஞ்சம் வெட்கமும் எடுத்து வரவும்.

இப்படிக்கு,
ஆர்வில் நீகார்ட்


ரெட்ஃபீல்ட்
ஜூன் 9, 1977

அன்புள்ள ஆர்வில்,

நாங்கள் சுகம். மழையால் விதைப்பு தள்ளிப்போனது, அதனால்தான் கடிதமும்.

நீங்கள் எழுதியதைச் சாப்பாட்டு மேஜையில் வாசித்துக் காட்டினேன். முழுக்க அல்ல. உங்கள் கடிதங்களில் சில வரிகளைத் தாண்டிப் போவது கல்யாணமான நாளிலிருந்து என் வழக்கம். மாட்டு மூளையைத் தாண்டினேன்.

இவர் முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “அம்பது வருசமா இதுலதான சுடறேன்? வெடிக்கறதா இருந்தா இந்நேரம் வெடிச்சிருக்காதா?” என்றார். பிறகு எழுந்து போய் மாடுகளைப் பார்த்துவிட்டு வந்தார். பார்க்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

எனக்கு ஒரு சந்தேகம். இவரிடமே கேட்டேன்: “ஒண்ணுத்துக்கும் ஆகாத இரும்புக்கு ஃபிளானல் துணி எதுக்கு? எண்ணெ படக்கூடாதாம், உப்புத்தாள் படக்கூடாதாம். நோஞ்சானுக்குப் பட்டுக் குல்லாவா?”

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ச்சீ, அப்படிப் பேசாத. அண்ணனுக்கு வாய் கெட்டதுதான். ஆனா பொய் சொல்ற ஆளில்ல.” அப்புறம் அந்த ஓடைக் கதையைச் சொன்னார். எனக்குப் பல தரம் சொன்ன கதைதான். சின்ன வயதில் பனி உறைந்த ஓடையில் இறங்கப் போனாராம். கரையில் நின்று நீங்கள், “லைல், கால வெக்காத, அடியில தண்ணி ஓடுது!” என்று கத்தினீர்களாம். மேலே பார்த்தால் கல்லாட்டம் இருந்ததாம். இவர் நின்றுவிட்டார், முன்னால் ஓடிய நாய் உள்ளே போய்விட்டது. “வெளிய பாத்தா தெரியல, அவனுக்குத் தெரிஞ்சுது. இப்பவும் அதான சொல்றான்?” என்றார்.

அதனால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அது வெடிக்குமா? ஆம், இல்லை என்று ஒரே வார்த்தை போதும். நீங்கள் சொல்வதை இவர் நம்புவார். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
வெர்னா


மெரிடன்
ஜூன் 17, 1977

அன்புள்ள வெர்னா,

நலம், நலமறிய ஆவல்.

ஆம்.

ஒரு வார்த்தை கேட்டாய், கொடுத்துவிட்டேன். ஃபிளானலைப் பற்றி நீ கேட்டதற்கும் பதில் சொல்கிறேன்: நாங்கள் கெட்ட குழலையும் மாதிரிக்காக வைத்துப் படிப்போம். டாக்டர்கள் வியாதியைப் படிப்பதில்லையா? சமையல்கட்டிலிருந்துகொண்டு துப்பறிவதை நிறுத்து.

அக்டோபருக்கு முன் அனுப்புங்கள். பாதிரியார் கையில் கொடுத்து அவர் முகம் போனால் ஞாயிற்றுக்கிழமை யாரைப் பார்த்துக் கும்பிடுவீர்கள்? உங்கள் மாப்பிள்ளை டுவைன் கையில் கொடுத்தால் மகள் கதி என்ன? அந்தத் துப்பாக்கி அந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்து. இதற்கு மேல் ஒரு மரமண்டைக்கு எப்படி விளங்கவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வரியையும் தாண்டிக்கொள்.

அன்புடன்,
ஆர்வில்


ரெட்ஃபீல்ட்
அக்டோபர் 18, 1977

அன்புள்ள ஆர்வில்,

சுகம்தானே? கோடை முழுவதும் நான் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. இவர் சாயங்காலங்களில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருப்பார். துடைப்பார், குழலுக்குள் பார்ப்பார், திரும்பக் கொண்டுவந்து வைப்பார். சுடவில்லை. என்னோடு அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

சனிக்கிழமை வேட்டை தொடங்கியது. காலையில் சர்ச்சின் கீழ்த்தளத்தில் வழக்கம்போல அப்பமும் தொத்திறைச்சியும். நண்பகலுக்கு எல்லோரும் சோளக் காட்டின் ஓரத்தில் கூடினார்கள். இவர் வெறும் கையோடு வந்து நின்றார், ஒரு தடி மட்டும் வைத்திருந்தார். “என்ன லைல், துப்பாக்கிய மறந்துட்டியா? இல்ல பறவைங்களோட சமாதானமா போயிட்டியா?” என்று கேலி செய்தார்கள். “வயசாச்சுப்பா, இனிமே கலைச்சு விடற வேலைதான்” என்று சிரித்துக்கொண்டே சோள வரிசைக்குள் நடந்தார். மற்றவர்களுக்காகப் பறவைகளை எழுப்பிவிட்டார். முதல் பறவையை டுவைன் தன் துப்பாக்கியில் சுட்டான். உங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படி நடந்ததில்லை. இரவுச் சாப்பாட்டில் எல்லோருக்கும் இவரே பரிமாறினார், இவர் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

இப்போது பட்டறைக் கொட்டகையில் எதையோ செய்துகொண்டிருக்கிறார். என்னை உள்ளே விடுவதில்லை. “அண்ணனுக்கு கிறிஸ்துமசுக்கு ஒரு பெட்டி அனுப்பறேன், அதுக்கு நானே கடுதாசி எழுதறேன்” என்றார். நீங்கள் கேட்டது கிடைக்கப்போகிறது என்று நினைக்கிறேன். சந்தோஷமாக இருங்கள்.

வெர்னா


மெரிடன்
நவம்பர் 1, 1977

அன்புள்ள வெர்னா,

மிக நலம். இரத்தக் கொதிப்பு இறங்கிவிட்டது என்று டாக்டரே ஆச்சரியப்படுகிறார். நீயும் நலமாக இரு.

கடைசியில் அவன் மண்டையிலும் கொஞ்சம் வெளிச்சம் பட்டது. பெட்டி செய்கிறானா? லைல் செய்த பெட்டி என்றால் பன்றித் தொட்டி மாதிரிதான் இருக்கும், பரவாயில்லை, உள்ளே இருப்பதுதான் முக்கியம். குழல்களும் பின்கட்டையும் ஒன்றோடொன்று உரசக்கூடாது. துருவைத் தேய்க்கக்கூடாது, பளபளப்பாக்கக்கூடாது, அவன் எதையும் ‘சரிபண்ண’ கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல். குரங்கு கையில் பூமாலையாக அது இத்தனை வருடம் கிடந்து தப்பியதே பெரிது, கடைசி நேரத்தில் கெடுத்துவிடப் போகிறான்.

வரவேற்பறைச் சுவரில் இடம் ஒழித்துவிட்டேன். விளக்குகூட மாட்டியாயிற்று.

அன்புடன்,
ஆர்வில்


ரெட்ஃபீல்ட்
டிசம்பர் 10, 1977

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்லா இருக்கியா? நாங்க நல்லா இருக்கோம். என் முதுகு பரவால்ல. எனக்கு எழுதிப் பழக்கமில்ல, தப்பு இருந்தா திட்டாத. திட்டினாலும் வெர்னா தாண்டிப் போயிடுவா. அவ தாண்டறப்ப எனக்குத் தெரியும், கேக்கறதில்ல.

துப்பாக்கிய அனுப்பச் சொன்ன. ரொம்ப யோசிச்சேன். பூட்டி வெச்சா நான் செத்தப்புறம் எவனாவது எடுத்துச் சுடுவான். உனக்கு அனுப்பலாம்னா, என் வீட்டுல வெக்கக்கூடாதுன்னு நீயே சொன்ன சாமான உன் வீட்டுக்கு எப்படி அனுப்புவேன்? சுவத்துல மாட்டுவேன், சுட மாட்டேன்னு சொல்ற. உன்ன எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல எதையும் ஒரு தரம் இழுத்துப் பாக்காம நீ விட்டதில்ல. அண்ணியும் இல்ல, தனியா கிடக்கற. அது வெடிச்சு நீ விழுந்து கிடந்தா எங்களுக்கு யாரு சொல்லுவா?

அதனால அறுத்துட்டேன். குழல கேஸ் கட்டர் வெச்சுத் துண்டு துண்டா வெட்டிட்டேன். வேட்டைக்கு முன்னாடி பண்ணிருக்கணும், மனசு வரல. துண்டுங்கள அப்பா நட்ட மரவரிசைக்குக் கீழ புதைச்சுட்டேன். அவருக்குக் கோவம் இருக்காதுன்னு நெனைக்கறேன்.

மணி இருக்கற துண்ட மட்டும் கேஸ்ல வெட்டல. சூடு பட்டா முத்திரை கெட்டுடும்னு ரம்பத்தாலயே கையால அறுத்தேன். ஓரத்த அரம் போட்டு, பின்கட்டையில இருந்து ஒரு மரத்துண்டு எடுத்து அது மேல பதிச்சிருக்கேன். உனக்கு முத்திரைன்னா உசிரு. மேஜைல வெச்சுக்க.

அறுக்க ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, மூணு பிளேடு போச்சு. நல்ல இரும்பு மாதிரியே இருந்துச்சு. வெளிய பாத்தா தெரியாதுன்னு நீ சொன்னது சரிதான்.

உன்னாலதான் யாருக்கும் ஒண்ணும் ஆகல. ரெண்டாவது தரம்.

தம்பி,
லைல்


மெரிடன்
டிசம்பர் 19, 1977

லைல்,

உன் நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

மடையா. அறிவுகெட்ட மடையா. பெட்டியைத் திறந்தபோது உள்ளே இரண்டங்குல இரும்பு. என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியுமா? அது ரோட்டன்பாக் எஃகு. எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அந்தக் குழலில் நீ இன்னும் நூறு வருடம் சுட்டிருந்தாலும் ஒரு கீறல் விழுந்திருக்காது! பெல்ஜியக் கொல்லனாவது, லாட ஆணியாவது! ஒரு குழந்தைகூட அந்தக் கதையைத் துருவிக் கேட்டிருக்கும். நீ கேட்டாயா? நான் என்ன சொன்னேன்? அனுப்பு என்றேன். அனுப்பு! அந்த ஒரு வேலையைச் செய்ய உனக்கு மூளை போதவில்லை.

அப்பா அதை உன் கையில் கொடுத்த அன்றே இது முடிந்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் நான் தேடியதை ஒரு மாட்டுக்காரன் மரத்தடியில் புதைத்துவிட்டு, மேஜையில் வைத்துக்கொள் என்று துண்டு அனுப்புகிறான்.

இனி எனக்கு எழுதாதே.

ஆர்வில்


ரெட்ஃபீல்ட்
ஜனவரி 8, 1978

ஆர்வில் அவர்களுக்கு,

உங்கள் சுகத்தை இந்தத் தடவை நான் கேட்கவில்லை. லைல் கேட்டார் என்று மட்டும் எழுதுகிறேன்.

நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். உங்களுக்கு வாய்கூட வேண்டியிருக்கவில்லை, பேனாவே போதுமாக இருந்தது. கடிதத்தில் இவர் பெயர் இருந்தாலும் தபால்பெட்டிக்குப் போகிறவள் நான். பனியில் நின்றபடியே படித்துவிட்டேன். உள்ளே வந்ததும் இவர் ஆசையாகக் கேட்டார்: “அண்ணன்கிட்டேருந்தா? எனக்கா எழுதியிருக்கான்? வாசி வாசி.” மேஜையில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். சர்ச்சில் உட்காருவது மாதிரி.

வாசித்தேன். நான் வாசித்தது இது. உங்களுக்காகத் திரும்ப எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் விடவில்லை:

“அன்புள்ள தம்பி, பெட்டி வந்து சேர்ந்தது. திறந்ததும் கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அப்பாவின் துப்பாக்கியை அறுக்க உன் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை எனக்காகச் செய்தாய். இந்த வயதில் என்னைப் பற்றி இவ்வளவு யோசிக்க உன்னைவிட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை. மணியை ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். வருகிற அக்டோபரில் வருகிறேன். உன் அண்ணன்.”

கவனித்தீர்களா? பேச்சு வரவில்லை என்பதைத் தவிர நான் அதிகம் பொய் சொல்லவில்லை.

இவர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். கண்ணைத் துடைத்தார். பிறகு, “நல்லா வாசிச்ச, வெர்னா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது. உங்கள் தாளை அடுப்பில் போட்டேன். நன்றாக எரிந்தது.

இவருக்கு மாட்டு மூளை என்றீர்கள். இருக்கட்டும். தன் வீட்டுக்கு ஆகாதது அண்ணன் வீட்டுக்கும் ஆகாது என்று அந்த மூளைக்குத் தோன்றியது. உங்கள் மூளைக்கு அது தோன்றவே இல்லை, அதனால்தான் துப்பாக்கி போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தீர்கள், அந்தச் சோற்றை இவர் அப்படியே நம்பிச் சாப்பிட்டார். கெட்டிக்காரர் என்று உங்களுக்கு இத்தனை வருடம் பயந்திருந்தேன். மேல்பட்டையில் நல்ல பெயர்தான் வெட்டியிருக்கிறது, ஆர்வில். இப்போது கட்டையைக் கழற்றி அடியில் பார்த்துவிட்டேன். சீ!

அக்டோபரில் வரத்தான் வேண்டும். சர்ச்சில் எல்லோருக்கும் நடுவில் இவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நான் எழுதிக் கொடுத்ததை உங்கள் வாயால் இவரிடம் சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்ய வேண்டிய அளவு காலம் இருக்கிறது. உண்மையைக் கொட்டி மனப்பாரத்தை இறக்கிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அப்பாவின் துப்பாக்கியை வீணாக அறுத்தேன் என்று இவர் மிச்ச நாளெல்லாம் அந்த மரவரிசையைப் பார்த்துக்கொண்டு உட்காரக்கூடாது. அந்தப் பாரம் உங்களுடையது, நீங்களே சுமந்துகொள்ளுங்கள்.

வெர்னா


மெரிடன்
ஜனவரி 29, 1978

அன்புள்ள வெர்னா,

உன் கடிதம் வந்தது. பதில் எழுத உட்கார்ந்து பல தாள் கிழித்தேன். கிழித்தவை எல்லாவற்றிலும் உனக்கு ஏதோ ஒரு பதிலடி இருந்தது.

கண்காட்சியில் எனக்கு மேஜை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரோட்டன்பாக் எஃகில் ஆம்ஸ்டன் துப்பாக்கி எதுவும் இல்லை என்று கிரேலுக்கும் எழுதினேன். அது இப்போது பொய்யல்ல. அவர் சிரிக்கட்டும்.

சுவரில் மாட்டிய விளக்கைக் கழற்றினேன். மணியை ஜன்னலோரம் வைத்தேன். மரத்தில் அதைப் பதித்திருக்கும் வேலை சுத்தமாக இருக்கிறது. நகம் நுழையவும் இடமில்லை. லைலுக்கு இப்படிச் செய்யத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு என்ன தெரியும் என்று நான் எப்போதும் கேட்டதில்லை.

அக்டோபரில் வருகிறேன். துப்பாக்கி கொண்டுவரமாட்டேன். அவனோடு சோள வரிசையில் நடக்கிறேன். எனக்கும் ஒரு தடி வெட்டி வைக்கச் சொல்.

லைலின் முதுகு எப்படி இருக்கிறது? எந்தப் பக்கம் வலிக்கிறது, எப்போதிலிருந்து, டாக்டர் என்ன சொன்னார், எல்லாவற்றையும் எழுது. எத்தனை பக்கமானாலும் பரவாயில்லை. இந்த ஒரு வரியை மட்டும் தாண்டாமல் அவனுக்கு வாசி.

ஆர்வில்